எனக்காகப் போட்டுப் பார்த்த டை

எங்கள் வீட்டில் நரைக்குச் சாயம் பூசிக்கொள்ளும் வயது அப்பாவுக்கு மட்டும்தான் வந்திருந்தது. அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் சூப்பர்வைசர். ஷிஃப்ட் முடிந்து வரும்போது தலை, மீசை, புருவம் எல்லாவற்றிலும் பஞ்சுத் தூசி படிந்து கிழவர் மாதிரி வந்து நிற்பார். குளித்துவிட்டு வந்தால் பழைய ஆள். மீசையில் மட்டும் குளித்தாலும் போகாத வெள்ளை கொஞ்சம் இருந்தது. அதற்காக ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாத்தி, தோளில் பழைய தினசரியைப் போர்த்திக்கொண்டு, தேய்ந்த டூத் பிரஷ்ஷால் டை அடிப்பார். அந்த நேரத்தில் அவரிடம் யாரும் பேசக் கூடாது. பேசினால் பதில் சொல்ல உதடு அசையும், உதடு அசைந்தால் டை இறங்கிவிடும்.

தலைக்குக் கலர் போட வேண்டும் என்ற கோரிக்கையை நான் வைத்தது அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். வாயைத் திறக்க முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்டால் மறுக்க முடியாது என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் பிரஷ்ஷை இடவலமாக ஆட்டியே மறுத்துவிட்டார்.

அப்போது எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த ஆசை வந்ததற்குக் காரணம் பெங்களூரில் இருந்த சித்தி மகள். என் வயதுதான். லீவுக்கு வந்திருந்தபோது எல்லோரும் அய்யனார் கோவில் அருவிக்குக் குளிக்கப் போனோம். அவள் காதோரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முடி திராட்சை நிறத்தில் இருந்தது. தண்ணீர் பட்டு வெயிலில் அது மின்னியபோது, பாறைமேல் துணி அலசிக்கொண்டிருந்தவர்கள் முதல் குரங்குகள் வரை அவளையே பார்த்ததாக எனக்குத் தோன்றியது. என்னை யாரும் பார்க்கவில்லை. என் இரட்டைச் சடையிலிருந்து எண்ணெய் இறங்கி நான் நின்ற இடத்தில் தண்ணீரில் வட்டம் வட்டமாக மிதந்தது.

அந்த எண்ணெய்க்கும் ஒரு கதை உண்டு. என் முடி பிறவியிலேயே நுனியில் செம்பட்டை. அதைக் கறுப்பாக்குவதற்காக அம்மா கரிசலாங்கண்ணியை அரைத்துக் காய்ச்சி, எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து என் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் கலர் கேட்டதும் அவளுக்கு வந்த கோபம் நியாயமானதுதான்.

“இத்தன வருசமா செம்பட்ட போகட்டும்னு எண்ணெயக் காய்ச்சிக் காய்ச்சி ஊத்துறேன். இப்பத் துட்டக் குடுத்துச் செம்பட்ட ஆக்கணுமாக்கும் உனக்கு” என்றாள்.

ஆனால் அவளும் முடியாது என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் யாரும் எதையும் வாய்திறந்து முடியாது என்று சொல்லிவிட மாட்டார்கள். சொல்லியிருந்தால் ஒருநாள் அழுதுவிட்டு விட்டிருப்பேன். ‘இப்ப வேண்டாம்’ என்பார்கள். எப்போது என்று கேட்டால் ஆளுக்கொரு வயது சொல்வார்கள். அப்பா கணக்கில் நான் பத்தாம் வகுப்பு முடிக்க வேண்டும். தாய்மாமன் கணக்கில் எனக்குக் கல்யாணம் ஆக வேண்டும், அதன்பிறகு புருஷனைக் கேட்டுக்கொள்ள வேண்டும். அம்மா சொன்னதுதான் எனக்குச் சீக்கிரம் வரக்கூடியதாகத் தெரிந்தது. “சின்னப் பிள்ளைக்கு எதுக்குட்டி கலரு. பெரிய பிள்ளையானப் பொறவு பாத்துக்கிடலாம்” என்றிருந்தாள்.

காலாண்டு விடுமுறையில் நான் பெரிய பிள்ளையானேன். ஓலைப் பாய், உளுந்தங்களி, நல்லெண்ணெய் என்று வீடே அமர்க்களப்பட்டது. எனக்கு உளுந்தங்களி பிடிக்காது. இருந்தும் உருண்டை உருண்டையாக வாங்கி விழுங்கினேன், மனதில் கலர் இருந்ததால். சடங்கெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிப் போனதும் அம்மாவிடம் அவள் வாக்கை நினைவுபடுத்தினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“வயசுக்கு வந்த பிள்ள கலரு கிலருன்னு தலைய விரிச்சுப் போட்டுட்டுத் திரிஞ்சா ஊரு என்ன சொல்லும்?”

இதை நான் இன்றுவரை ஆற அமர யோசித்துப் பார்க்கிறேன். வியாழக்கிழமை வரை நான் அதற்குச் சின்னப் பிள்ளை. வெள்ளிக்கிழமையிலிருந்து அதே காரியத்துக்கு நான் பெரிய பிள்ளை. இடையில் ஒரு அரை நாளாவது எனக்குச் சரியான வயது இருந்திருக்க வேண்டாமா? அந்த அரை நாளை எனக்குத் தெரியாமல் யாரோ எடுத்துவைத்துக்கொண்டது போலிருந்தது. சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். இனிக் களி கிண்ட வேண்டியதில்லை என்று அம்மா நிம்மதியாகப் பாத்திரத்தைக் கவிழ்த்துவைத்தாள்.

இந்த விவகாரத்தில்தான் அத்தை நுழைந்தாள். அப்பாவின் அக்கா, ஸ்ரீவில்லிபுத்தூரில் தனியாக இருந்தாள். அவள் புருஷனான மாமா வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் அவருடைய ஆபீசிலேயே அத்தைக்கு வேலை கொடுத்திருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. அம்மாவைவிட நாலைந்து வயதுதான் மூத்தவள். ஆனால் மாமா போன கையோடு அத்தைக்குத் தலை முழுவதும் நரைத்துவிட்டது. எங்கள் வம்சத்துக்கே நரை சீக்கிரம் வரும். அத்தைக்கு அது கொஞ்சம்கூட மிச்சம் வைக்காமல் வந்திருந்தது. அந்த வெள்ளை முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, பூ வைக்காமல், நெற்றியில் திருநீறு மட்டும் பூசியிருப்பாள். நான் பார்த்த நாளிலிருந்து அவள் அப்படித்தான் இருந்தாள். பிறந்தபோதே அப்படித்தான் பிறந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் சடங்குக்குப் பட்டுப் பாவாடை எடுத்துக்கொடுத்தது அவள்தான். முறைப்படி முதல் தண்ணீர் ஊற்ற வேண்டியவளும் சொந்த அத்தைதான். ஆனால் அன்று கூமாப்பட்டியிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அத்தை ஒருத்திதான் எனக்குத் தண்ணீர் ஊற்றினாள். சொந்த அத்தை கடைசிவரை அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சமையலில் ஆர்வம் அதிகம் என்று நான் நினைத்தேன்.

அரையாண்டு லீவு விட்ட ஞாயிற்றுக்கிழமை அத்தை வந்திருந்தாள். அப்பா ஜன்னல் ஓரத்தில் மீசையோடு போராடிக்கொண்டிருந்தார். நான் வழக்கம்போல அழுதுகொண்டிருந்தேன். அப்பா டை அடிக்கலாம், நான் கலர் போடக் கூடாது, இது எந்த ஊர் நியாயம் என்பதுதான் அன்றைய என் வாதம். அப்பா பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பேசுவதற்காக டையை இறங்கவிட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒருமுறைதான்.

“நான் அடிக்கிறது டை. நீ கேக்குறது கலரு. இருக்குற முடி இருக்குற மாதிரி தெரியணும்னுதான் நான் அடிக்கேன். உனக்கு இல்லாத நெறம் கேக்குது” என்றார்.

“உங்களுக்கும் இல்லாத நெறந்தான” என்றேன். அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள்.

அத்தை அதுவரை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினாள்.

“ஏலே தம்பி, பிள்ள ஆசப்படுது. வேண்டாம் வேண்டாம்னா எங்கயாவது கூடப் படிக்கிற பிள்ளைகளோட சேந்து கண்டதையும் தடவிட்டு வந்து நிக்கும். லீவுக்கு எங்கூட அனுப்பு. அங்க லேடீஸ் பார்லர் ஒண்ணு இருக்கு, சுத்தமா இருக்கும். ஒத்துக்கிடுதா இல்லையான்னு பாப்போம். பொறவு முடிவு பண்ணிக்கிடலாம்.”

அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. “மதினி, நீங்களா சொல்றிய?” என்றாள். அப்பாவை மில் வேலைக்குச் சேர்த்துவிட்டதே இறந்துபோன மாமாதான். அக்கா பேச்சுக்கு அவர் மறுபேச்சு பேசியதில்லை. “நீ பாத்து என்ன சொல்றியோ அதான்க்கா” என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டார். என் வயதைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்த நிமிஷத்தில் அத்தை கைக்குப் போனது. நான் கீரைக் காம்பெல்லாம் பொறுக்கிப் போட்டு அவளுக்கு உதவி செய்தேன்.

அன்று சாயங்காலமே பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்டக்டர் அவள் தலையைப் பார்த்தார். “ஏம்மா, பாட்டி நிக்கிறாங்க பாருங்க. யாராவது எடம் குடுங்க” என்று குரல் கொடுத்தார். தலைநிறையப் பூ வைத்த ஒரு பெண் சட்டென்று எழுந்து, “வாங்க பாட்டி, நீங்க உக்காருங்க” என்றாள். அவளுக்கு அத்தையைவிடக் குறைந்தது பத்து வயது கூடுதலாக இருக்கும், முடி மட்டும் கன்னங்கறுப்பு. அத்தை உட்கார்ந்தாள். ஓரத்தில் ஒடுங்கிக்கொள்ள எனக்கும் இடம் கிடைத்தது. பாட்டியோடு வந்ததில் லாபம்தான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும்வரை அத்தை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பார்லருக்குப் போனோம். தேர் வீதிக்குப் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது. படிக்கட்டின் கீழே அத்தை செத்த நேரம் நின்றாள். தெருவில் தெரிந்த முகம் யாராவது இருக்கிறதா என்று பார்ப்பது போலிருந்தது. எனக்கு அவசரம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன். மாடியில் ஒரு திரை, திரைக்கு உள்ளே மூக்கை அரிக்கும் மருந்து வாடை. பார்லர் நடத்திய பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். “வாங்கம்மா, யாருக்கு?” என்று கேட்டாள். “பிள்ளைக்கு” என்றாள் அத்தை.

ஒரு நீள அட்டையை என் கையில் கொடுத்தார்கள். அதில் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன முடிக் குஞ்சங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம். மூன்றாவது வரிசையில் திராட்சை நிறம் இருந்தது. அதன்மேல் விரலை வைத்தவள் எடுக்கவேயில்லை.

அத்தை விசாரணையை ஆரம்பித்தாள். அரிக்குமா? கொப்புளம் வருமா? முடி கொட்டுமா? அந்தப் பெண் பொறுமையாகப் பதில் சொன்னாள். சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து ரெண்டு நாள் பார்க்கலாம் என்றாள்.

“காதுக்குப் பின்னாடி ஒரு பொட்டு வச்சா என்னத்தத் தெரியும்?” என்றாள் அத்தை. “சின்னப் பிள்ள. ஏதாவது ஆயிப்போச்சுன்னா எந் தம்பிக்கு யாரு பதில் சொல்ல? எங்க வம்சத்து முடி, தோலு எல்லாம் ஒண்ணுதான். மொதல்ல எனக்குப் போட்டுப் பாருங்க. எனக்கு ஒத்துக்கிட்டா பிள்ளைக்கும் ஒத்துக்கிடும்.”

பார்லர் பெண் அத்தையைப் பார்த்தாள். பிறகு அவளுடைய பொட்டில்லாத நெற்றியையும் வெறும் கழுத்தையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. “அதுவும் சரிதான். கறுப்புப் போடுவோமா?” என்றாள்.

“கறுப்பு வேண்டாம். பளிச்சுன்னு தெரிஞ்சுரும். கறுப்புக்கு ஒரு படி கீழ, அடர் பிரவுனு. முன்நெத்தியில மட்டும் லேசா நரைய விட்ருங்க.”

அட்டையை அவள் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. மாசக்கணக்காக யோசித்து வைத்திருந்த நானே நிறத்தை விரல் வைத்துத்தான் காட்டினேன். அவளுக்கு அந்த நிறம் எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எனக்கு இருந்ததெல்லாம் ஒரே கவலை: இது எப்போது முடியும், என் முறை எப்போது வரும்.

முடியவே இல்லை. பூசினார்கள், காயவைத்தார்கள், அலசினார்கள், மறுபடி காயவைத்தார்கள். அட்டை கிழிந்த பத்திரிகை ஒன்றில் ஆறு வித்தியாசங்களைக் கண்டுபிடித்தேன், ஏற்கெனவே யாரோ பேனாவால் வட்டம் போட்டு வைத்திருந்ததையே. கடைசியில் நாற்காலியைத் திருப்பினார்கள். “பாருங்கக்கா” என்றாள் பார்லர் பெண். வரும்போது அம்மா என்று கூப்பிட்டவள் இப்போது அக்கா என்றாள். அத்தை கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கையைத் தூக்கி முடியைத் தொடப்போனவள், தொடாமல் கையை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு அவள் முகம் சரியாகப் பிடிபடவில்லை. அம்மா வயதில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருப்பது போல இருந்தது.

“இப்ப எனக்கு” என்று எழுந்தேன்.

“ரெண்டு நாள் போகட்டும்ட்டி. அரிக்குதான்னு பாக்கணும்ல” என்றாள் அத்தை. முந்தானையை எடுத்துத் தலையில் முக்காடாகப் போட்டுக்கொண்டு படி இறங்கினாள். வெயிலாம். வெயில் இறங்கி வெகு நேரமாகியிருந்தது.

அடுத்த இரண்டு நாளும் நான் அத்தையின் தலைக்குக் காவல் இருந்தேன். காபி குடிக்கும்போது கேட்டேன், கோலம் போடும்போது கேட்டேன், ஆபீசுக்குக் கிளம்பும்போது செருப்பைக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டே கேட்டேன். அரிக்குதா அத்தை? இல்லை. லேசாகக்கூடவா? இல்லட்டி. ஆபீசிலிருந்து வந்ததும் அவளை உட்காரவைத்து வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சிவப்பு, ஒரு தடிப்பு, ஒன்றும் கிடையாது. இந்த வம்சத்துத் தோலுக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

மூன்றாம் நாள் காலையில் அவள் அப்பாவுக்கு ஃபோன் போட்டாள். தீர்ப்பைக் கேட்க நான் பக்கத்திலேயே நின்றேன்.

“ஆமாலே, எனக்குப் போட்டுப் பாத்தேன். பிள்ளைக்காவத்தான். லேசா அரிக்கத்தான் செய்யுது. இது வேண்டாம் பிள்ளைக்கு. வேற கம்பெனி பாப்போம்” என்றாள். சொல்லும்போதே இன்னொரு கையால் தலையைச் சொறிந்தும் காட்டினாள். ஃபோனில் அது அப்பாவுக்குத் தெரியவா போகிறது?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பொய், பொய் என்று கத்தினேன். ஃபிரிட்ஜில் எனக்காக வாங்கிவைத்திருந்த பால்கோவாவைத் தொட மாட்டேன் என்று அறிவித்தேன். அத்தை என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, சமாதானமும் செய்யவில்லை. “உனக்கு இருக்குட்டி காலம்” என்றாள், அவ்வளவுதான். இத்தனை பேர் சொன்ன இத்தனை வயதோடு அதுவும் ஒன்று சேர்ந்தது.

வேறு கம்பெனி பார்ப்போம் என்றாளே, அந்த வாக்கை மட்டும் அவள் தவறவே விடவில்லை. அந்தக் கம்பெனி அரிக்கிறது என்று அடுத்த கம்பெனி, அது வாடை என்று இன்னொன்று. வேரில் வெள்ளை எட்டிப்பார்க்கும் சமயம் பார்த்து எனக்காக ஒரு புதுச் சோதனை நடந்துவிடும். நான் பத்தாவது முடித்தேன், பன்னிரண்டு முடித்தேன், விருதுநகரில் காலேஜுக்குப் போனேன், சோதனை நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் யாராவது, “என்ன, உங்க மதினி தல கறுத்துருக்கு?” என்று இழுத்தால் அம்மா உடனே, “எம் பிள்ளைக்கு ஒத்துக்கிடுமான்னு போட்டுப் பாக்காவ. அவிய எம்புட்டு பாடுபடுதாவ பாருங்க” என்பாள். அதைச் சொல்லும்போது அம்மா சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். என் பெயரைச் சொல்லி ஊரே ஏமாறுகிறது, எனக்கு ஒரு முடிகூடச் சிவக்கவில்லை. கடைசியில் நான் கலர் போட்டது வேலை கிடைத்துச் சென்னைக்குப் போன பிறகு, யாரையும் கேட்காமல். ஃபோட்டோ அனுப்பியதும் அப்பா பதிலே போடவில்லை. அத்தை மட்டும் உடனே கூப்பிட்டாள். “எந்தக் கம்பெனிட்டி?” என்றாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது, அரிக்கிறது என்று அவள் அப்பாவிடம் ஃபோனில் சொன்ன அன்று சாயங்காலம் நடந்ததை. என்னை ராஜபாளையத்தில் கொண்டுவிட அத்தையே கூட வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபிறகுதான் முக்காட்டை எடுத்தாள். அன்றைக்கும் பஸ்ஸில் கூட்டம். முண்டியடித்து ஏறிய எனக்கு ஒரு சீட் கிடைத்தது. அத்தை பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதே கண்டக்டர் வந்தார். “எங்கம்மா?” என்று கேட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, “தள்ளி நில்லுங்கம்மா, வழி விடுங்க” என்று அவளை இடித்துக்கொண்டு போனார். யாரும் எழுந்து இடம் கொடுக்கவில்லை. நடுவில் ஒரு கிழவி ஏறினாள். ஒதுங்க இடமில்லாமல் அத்தை ஒற்றைக் காலில் நிற்கும்படி ஆயிற்று.

கோபம் கோபமாக இருந்தாலும் எனக்கே பாவமாகத்தான் இருந்தது. “உக்காருங்க அத்தை” என்று பாதி எழுந்தேன்.

“நீ உக்காரு. எனக்கென்ன வயசாயிட்டா?” என்றாள்.

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. பஸ் குலுங்கும்போதெல்லாம் யாராவது அவள்மேல் மோதினார்கள், அப்போதும் அது போகவில்லை. வழியில் இரண்டு சீட் காலியானது. இரண்டையும் அடுத்தவர்களுக்கு விட்டுவிட்டு ராஜபாளையம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தாள். என்னை ஏமாற்றியதற்குத் தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொள்கிறாள் என்று நான் முடிவு செய்தேன். நன்றாக நிற்கட்டும் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.